கார்டு எறிந்த பாக்கெட்

நவம்பர் பதினான்காம் தேதி பிற்பகல், ஆற்றங்கரை நீரேற்று நிலையத்தின் இரண்டாம் பம்பின் உறிஞ்சு குழிக்குள் அடைப்பு எடுக்க இறங்கிய ஃபிட்டர், பம்பு தானாக ஓடத் தொடங்கியதில் உயிரிழந்தார்.

அந்த நேரத்தில் கட்டுப்பாட்டு அறையில் இருந்த ஆபரேட்டர், ஃபிட்டர் இறங்குவதற்கு முன்பே இரண்டாம் பம்பைத் திரையில் பூட்டிவிட்டதாகச் சொன்னார். பூட்டினால் பம்பு தானாக ஓடாது. திரையில் அதன் படம் சிவப்பாகும். சிவப்பாகியதைப் பார்த்துத்தான் இறங்கச் சொன்னேன் என்றார். ஆனால் பம்பு வீட்டில் சுவரோடு பொருத்தியிருந்த கன்ட்ரோலர் பெட்டியில் அப்படியொரு கட்டளை வந்து சேர்ந்த தடயமே இல்லை. பெட்டி பொய் சொல்லாது. ஆகவே ஆபரேட்டர் பொய் சொல்கிறார் என்று முடிவாயிற்று. தூங்கியிருப்பார் என்றார்கள் சிலர். ஃபோனில் யாரோடோ பேசிக்கொண்டிருந்திருப்பார் என்றார்கள் சிலர். ஃபியூஸைக் கழற்றாமல், திரைச் சிவப்பை மட்டும் நம்பிக் குழிக்குள் இறங்குவதுதான் அங்கே பல வருட வழக்கம் என்பதை மட்டும் யாரும் வாய் திறந்து பேசவில்லை.

ஆபரேட்டரை வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். போலீஸ் நிலையத்துக்குப் போய்ப் போய்க் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தார். விசாரணைக் குழுவின் அறிக்கை வந்தவுடன் கைது என்று நிலைய எழுத்தர் நேராகவே சொல்லியிருந்தார்.

ஆபரேட்டரின் மைத்துனனை நீரேற்று நிலையத்தில் எல்லோரும் ஒயர் என்று கூப்பிட்டார்கள். அலுவலகக் கணினிகளையும் அவற்றை இணைக்கும் கம்பிகளையும் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்த வேலை அவனுடையது. அவனுடைய அக்கா அதே நிலையத்தில் தண்ணீர் சோதனைக் கூடத்தில் வேலை பார்த்தாள். புருஷனைப் பற்றி அவள் தம்பியிடம் ஒரே ஒரு தடவைதான் பேசினாள்.

"உங்க மாமா பூட்டினேன்னு சொன்னா பூட்டியிருப்பாருடா. வீட்டுக் கதவையே மூணு தடவை இழுத்துப் பார்க்கிற மனுஷன்."

"பெட்டியில இல்லையேக்கா."

"பெட்டியைப் பார்க்காத. நடுவுல பாரு. அது உன் வேலைதானே?"

நடுவில் இருந்தது ஒரு பழைய நெட்வொர்க் கம்பி. கட்டுப்பாட்டு அறையிலிருந்து தோட்டத்துக்கு அடியில் கால்வாய் வழியாகப் பம்பு வீட்டுக்குப் போகும். ஒவ்வொரு கட்டளையும் ஒரு சிறு பொட்டலமாக, தொழில் பேச்சில் பாக்கெட்டாக, அதில் போகும். கட்டளையைச் சொல்லிவிட்டுப் போகிற ரகம் அந்தப் பழைய ஏற்பாடு. கேட்டதா என்று திரும்பிப் பார்க்காது. பொத்தானை அழுத்திய மறு கணமே திரை சிவப்பாகிவிடும், கட்டளை போய்ச் சேர்ந்தாலும் சேராவிட்டாலும். மறுநாள் காலையில் ஒப்பந்தக்காரரின் ஆட்கள் வந்து அந்தக் கம்பியையும் பெட்டியையும் பிடுங்கிவிட்டுப் புதியதைப் போடப்போகிறார்கள். அதற்குப் பிறகு பார்ப்பதற்கு எதுவும் மிஞ்சாது. உதவிப் பொறியாளரிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒயர் அந்த ஒரு பகலை வாங்கியிருந்தான்.

பம்பு வீட்டில், கம்பி வந்து கன்ட்ரோலரைத் தொடும் இடத்தில் ஒரு பழைய ஹப்பைச் செருகினான். ஹப்புக்குக் கூறு கிடையாது. ஒரு வாசலில் வருவதை எல்லா வாசலிலும் அப்படியே கொட்டும். ஒட்டுக்கேட்க அதுதான் தோது. ஆனால் அவனுடைய புதிய மடிக்கணினி அந்த ஹப்பின் ஆமை வேகத்துக்கு இறங்கி வர மறுத்துவிட்டது. ஸ்டோர் அறையைக் குடைந்து, தூசி படிந்த ஒரு மேசைக் கணினியைத் தூக்கி வந்தான். அதில் கம்பியைக் கணினியோடு இணைக்கும் ஒரு பழைய நெட்வொர்க் கார்டு இருந்தது, தகட்டில் துரு ஏறிய கார்டு. லினக்ஸ் இயங்குதளம் கிளம்பியது. கார்டு எழுந்தது. ஆனால் ஹப் ஒரு நேரத்தில் ஒருவரையே பேசவிடும். கார்டோ இருபுறமும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று நினைத்துக்கொண்டு தடுமாறியது. அதன் தலையில் தட்டி வழிக்குக் கொண்டுவருவதற்குள் காலை பாதி கழிந்துவிட்டது.

அக்கா கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து பொத்தானை அழுத்தினாள். ஒயர் பம்பு வீட்டில் கறுப்புத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இருவர் காதிலும் ஃபோன்.

"பூட்டினேன்."

"வந்துச்சு."

"திறந்தேன்."

"வந்துச்சு."

"பூட்டினேன்."

"வந்துச்சுக்கா."

விரல் வலிக்க வலிக்க அழுத்தினாள். ஒன்றுகூடத் தவறவில்லை. கம்பி தங்கமாக இருந்தது. ஒவ்வொரு 'வந்துச்சு'க்கும் மாமாவின் கழுத்துக் கயிறு ஒரு சுற்று இறுகுவது போல ஒயருக்குத் தோன்றியது. அக்காவின் குரலும் இறங்கிக்கொண்டே போனது.

பம்பு வீட்டின் மறுகோடியில், மோட்டார் பேனல் பக்கத்தில் எலக்ட்ரீஷியன் நின்றிருந்தார். விபத்துக்குப் பிறகு தானாக ஓடும் ஏற்பாட்டை நிறுத்தி வைத்திருந்தார்கள். அவர் கையால் போட்டால்தான் எந்த மோட்டாரும் ஓடும். இறந்துபோன ஃபிட்டர் அவருடைய கூடப்பிறந்த தம்பி. காலையிலிருந்து ஒயருக்கு அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, பேனலைத் துடைத்துக்கொண்டே, யாரிடமோ சொல்வது போலச் சொன்னார்: "செத்தவன் திரும்பி வரமாட்டான். தூங்கினவனுக்கு வக்காலத்து மட்டும் மும்முரமா நடக்குது."

ஒயர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போட்டுக்கொண்டால் அன்றைக்கு வேலை ஓடாது.

மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் இறங்கியதும் எலக்ட்ரீஷியன் மூன்றாம் பம்பின் மோட்டாரைப் போட்டார். தரை அதிர்ந்தது. விளக்குகள் ஒரு கணம் மங்கி எழுந்தன.

"பூட்டினேன்" என்றாள் அக்கா.

திரையில் ஒன்றும் இல்லை.

"அக்கா, அழுத்தினியா?"

"அழுத்தினேனேடா. இங்க சிவப்பாயிடுச்சு."

கட்டளை வந்தால் சிமிட்டும் கன்ட்ரோலரின் பச்சை விளக்கும் சிமிட்டவில்லை. அந்த நேரம் பார்த்து உதவிப் பொறியாளர் உள்ளே வந்தார். கெட்டவர் இல்லை, ஆனால் எதையும் அரை நிமிடத்தில் தீர்த்துவைக்கிற அவசரக்காரர். விஷயத்தைக் கேட்டார். குனிந்து திரையைப் படித்தார். பாக்கெட் பிடிக்கும் நிரல் தன் கணக்கை அடியில் எழுதியிருந்தது: பிடித்தது இத்தனை, கைநழுவியது பூஜ்யம்.

"கைநழுவியது பூஜ்யம். அப்படின்னா கம்பியில வந்தது எதையும் உன் கணினி விடல. சரியா?"

"அப்படித்தான் சார் காட்டுது."

"விடலன்னா வரல. வரலன்னா அந்தப் பக்கம் அனுப்பல. அனுப்பலன்னா அழுத்தல. உங்க அக்கா இப்ப அழுத்தலன்னு நான் சொன்னா நீ என்ன பண்ணுவ?"

"அக்கா அழுத்தினாங்க சார். நான் ஃபோன்ல கேட்டுக்கிட்டே இருந்தேன்."

"உங்க மாமாவும் அதைத்தானேப்பா சொல்றாரு" என்றார் அவர். சொன்ன பிறகு அவருக்கே ஒரு மாதிரி இருந்திருக்க வேண்டும்; கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மாமாவைக் காப்பாற்றத் தூக்கி வந்த கணினி, மாமாவுக்கு எதிராகவே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. விசாரணைக் குழுவிடம் இந்தத் திரையை அப்படியே காட்டினால் போதும், மீதியை அவர்கள் எழுதிக்கொள்வார்கள்.

கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தவனுக்குத் திடீரென்று உறைத்தது. நிரல் சொல்லும் பூஜ்யம், கார்டு மேலே அனுப்பியதற்குப் பிறகான கணக்கு. கார்டே வாசலில் நிறுத்தித் திருப்பியதை நிரல் எப்படி அறியும்? ஒவ்வொரு பாக்கெட்டின் வாலிலும் ஒரு சரிபார்ப்பு எண் இருக்கும். வழியில் ஒரு எழுத்து கெட்டாலும் அந்த எண் பொருந்தாது. பொருந்தாததைக் கார்டு வாசலிலேயே குப்பையில் எறிந்துவிடும். மேலே ஒரு வார்த்தை சொல்லாது. ஆனால் தனக்குள் எண்ணி வைத்துக்கொள்ளும். ஒயர் கார்டின் உள்கணக்கைக் கேட்டான். நீளமாகப் பட்டியல் வந்தது. பிழை என்ற வரிகள் எல்லாம் பூஜ்யம். சரிபார்ப்பில் தோற்றவை என்ற வரியில் மட்டும் ஒன்று.

"சார்! வந்திருக்கு சார்! அடிபட்டு வந்திருக்கு. கார்டு தூக்கி எறிஞ்சிருக்கு. கன்ட்ரோலரும் இதையேதான் பண்ணியிருக்கும்."

"எறிஞ்சது உங்க அக்கா அனுப்பினதுதான்னு எப்படித் தெரியும்?"

"எண்ணிக்கை சரியா இருக்கே சார்."

"எண்ணிக்கையை வச்சு ஒருத்தனை விடுவிக்க முடியாதுப்பா. பாக்கெட்டைக் காட்டு."

அவர் சொன்னது நியாயம்தான். ஒயர் மறுபடி கெஞ்சினான். மோட்டார் கிளம்பும் நேரத்தில்தான் கெடுகிறது. இன்னொரு முறை நிறுத்திப் போட்டால் பிடித்துவிடலாம். பெரிய மோட்டாரை நினைத்தபோதெல்லாம் நிறுத்திப் போட முடியாது. கிளம்பும்போது அது குடிக்கிற மின்சாரத்தில் சுருள் கொதிக்கும். ஆற விடாமல் போட்டால் எரிந்துபோகும். பொறியாளர் எலக்ட்ரீஷியனைப் பார்த்தார். எலக்ட்ரீஷியன் தோளைக் குலுக்கினார்.

"ஒரு தடவை" என்றார் பொறியாளர். "ஒரே தடவை. அப்புறம் எனக்கு மீட்டிங் இருக்கு."

கெட்ட பாக்கெட்டையும் எறியாமல் மேலே அனுப்பு என்று கார்டிடம் சொல்ல வேண்டும். ஒயர் சொன்னான். இந்த வசதி இல்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அந்தக் கணினியில் இருந்த லினக்ஸ், கார்டைவிடக் கிழம். பையைக் கவிழ்த்துக் கொட்டி, ஒரு பென் டிரைவில் இருந்த சற்றுப் புதிய லினக்ஸைத் தேடி எடுத்து அதிலிருந்து கிளப்பினான். அது கண் விழிக்கிற வரையில் மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றான். பொறியாளர் கடிகாரத்தைப் பார்த்தார். மறுபடி கட்டளையை அடித்தான். இந்தத் தடவை கார்டு மறுப்புச் சொல்லவில்லை. கப்சிப்பென்று ஏற்றுக்கொண்டது. புதிய கார்டுகள் பலவும் இதற்கு ஒத்துவருவதில்லை; இந்தத் துருப்பிடித்தது ஒத்துக்கொண்டது. ஒயருக்கு உயிர் போய் உயிர் வந்தது.

மோட்டாரை நிறுத்தி, ஆறும் வரை காத்திருந்தார்கள். எலக்ட்ரீஷியன் கையை உயர்த்தினார். தரை அதிர்ந்தது.

"பூட்டினேன், திறந்தேன், பூட்டினேன், திறந்தேன்..." அக்கா மூச்சுவிடாமல் சொன்னாள்.

ஒயர் திரையைப் பார்த்தான். முதல் 'பூட்டினேன்' இல்லை. அடுத்தது இருந்தது. அதற்கடுத்தது இருந்தது. கெட்டது என்று ஒன்றுகூட இல்லை. கார்டின் உள்கணக்கைப் பார்த்தான்: ஒன்று ஏறியிருந்தது. வந்திருக்கிறது, கார்டு மேலே அனுப்பியும் இருக்கிறது. பின் எங்கே போயிற்று? தான் அடித்த கட்டளையை மேலிருந்து கீழாக ஒரு முறை படித்தான்.

வடிகட்டி. கன்ட்ரோலரின் முகவரிக்குப் போகும் பாக்கெட்டை மட்டும் காட்டு, மற்றதை விடு என்று கட்டளையின் வாலில் வடிகட்டி ஒட்டிக்கொண்டிருந்தது. குப்பை சேராமல் இருக்க அவன் எப்போதும் போடுவது. அவன் தொழிலில் எல்லோரும் போடுவது. விரல்கள் தாமாகவே அடித்துவிட்டிருந்தன. முகவரியே சிதைந்து வந்த பாக்கெட்டை, முகவரி சரியில்லை என்று வடிகட்டி தள்ளிவிட்டது. கார்டைக் கெஞ்சிக் குப்பையை வீட்டுக்குள் கொண்டுவந்து, வீட்டு வாசலில் அவனே கூட்டித் தள்ளியிருந்தான்.

தலையில் அடித்துக்கொண்டான். "சார், தப்பு என்னோடது சார். வடிகட்டியை எடுக்க மறந்துட்டேன். இன்னும் ஒரே ஒரு தடவை..."

"ஒரு தடவைதான்னு சொன்னேன்ல?" பொறியாளரின் குரலில் கோபம் இல்லை, அதுதான் கலக்கியது. "மோட்டார் எரிஞ்சா ஊருக்குத் தண்ணி கிடையாது. உன்னால முடிஞ்சதைப் பண்ணிட்ட. வீட்டுக்குப் போப்பா." வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

ஃபோனில் அக்கா இன்னும் இருந்தாள். "தம்பி? வந்துச்சாடா? ஏன்டா பேச மாட்டேங்கற?"

"இரு அக்கா, கூப்பிடுறேன்" என்று துண்டித்தான்.

மோட்டாரின் இரைச்சலில் இருவர் மட்டும் இருந்தார்கள். ஒயர் எழுந்து எலக்ட்ரீஷியனிடம் போனான்.

"அண்ணே."

"உனக்கு நான் அண்ணனில்ல."

"அன்னிக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அப்புறம் போயிடுறேன்."

எலக்ட்ரீஷியன் பேனலைப் பார்த்தபடியே பேசினார். "எப்பவும் நடக்கிறதுதான். ரெண்டாவது பம்புல அடைப்பு. அதை நிறுத்திச் சுத்தம் பண்ணணும்னா தண்ணி குறையாம மூணைப் போடணும். உங்க மாமா ஃபோன் பண்ணி, 'மூணைப் போடு, நான் ரெண்டைப் பூட்டுறேன்'னாரு. நான் போட்டேன். 'பூட்டிட்டேன், இறங்கச் சொல்லு'ன்னாரு. நான்தான் தம்பிகிட்ட சொன்னேன், இறங்குடான்னு."

"போடுறதும் பூட்டுறதும் ஒரே நேரமா அண்ணே?"

"ஒரே நேரம்தான். அவரு ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டே அழுத்துவாரு, நான் ஃபோனைக் காதுல வச்சுக்கிட்டே போடுவேன்." சொல்லிவிட்டு எலக்ட்ரீஷியன் நிறுத்தினார். மெல்லத் திரும்பி, தூரத்தில் இருந்த கறுப்புத் திரையைப் பார்த்தார். இன்று இரண்டு தடவை மோட்டார் கிளம்பியதும் இரண்டு தடவை கட்டளை காணாமல் போனதும் அவரும் காதால் கேட்டவைதான்.

"மோட்டாரை இன்னொரு தடவை போடுங்க அண்ணே."

"எரிஞ்சா என் வேலை போயிடும்."

"தெரியும்."

"உனக்கு ஒண்ணும் தெரியாது. அந்த ஆளு தூங்கினான்னு நினைச்சாத்தான் எனக்கு ராத்திரி தூக்கம் வருது. அவன் தூங்கலன்னா நான் யாரைத் திட்டுறது? யாரைன்னு போய்க் கேட்கிறது?" சுவிட்சைப் பிடித்து ஆத்திரமாகத் திருகினார். மோட்டார் உறுமி அடங்கியது.

வெகுநேரம் மோட்டாரின் உடம்பில் அடிக்கடி கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சூடு பொறுக்கும்படி ஆனதும், "கூப்பிடு உங்க அக்காவை" என்றார்.

ஒயர் கட்டளையை எழுத்து எழுத்தாகப் படித்தான். வடிகட்டி இல்லை. மறுபடியும் படித்தான். உள்ளங்கை வேர்வையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"அக்கா, நான் சொன்னதும் அழுத்து."

தரை அதிர்ந்தது. விளக்குகள் மங்கின.

"இப்ப!"

"பூட்டினேன்!"

திரையில் ஒரு வரி விழுந்தது. முகவரி இருக்க வேண்டிய இடத்தில் கந்தல் கந்தலாக எண்கள். ஒயர் அதைப் பிரித்து உள்ளே பார்த்தான். வாலில் சரிபார்ப்பு எண் தவறு. நடுவில், அடிபடாமல், தெள்ளத் தெளிவாக இருந்தது: இரண்டாம் பம்பு, பூட்டு.

"வந்துச்சாடா?"

"வந்துச்சுக்கா. அடிபட்டு வந்துச்சு. மாமா பூட்டினதும் இப்படித்தான் அடிபட்டிருக்கும்."

மறுமுனையில் அவள் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை. "உங்க மாமாகிட்ட சொல்லட்டுமா? சொல்லட்டுமாடா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். ஒயர் அந்தப் பாக்கெட்டை மூன்று இடங்களில் சேமித்தான்.

எலக்ட்ரீஷியனுக்கு அவன் திரையைக் காட்டினான். அவர் கேட்ட கேள்வி ஒன்றுதான்.

"மோட்டார் கிளம்பினா உன் ஒயர் ஏன் அடிபடணும்? அது தனியா இல்ல போகுது?"

"தனியாத்தான் போகணும். பவர் கேபிள் பக்கத்துல படுத்திருந்தா இப்படி ஆகும்."

எலக்ட்ரீஷியன் கடப்பாரையை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கால்வாயின் மேல் இருந்த சிமெண்டுப் பலகையை நெம்பித் தூக்கினார். இரண்டாவதைத் தூக்கினார். மூன்றாவதைத் தூக்கிவிட்டு அப்படியே குந்திவிட்டார். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. தண்ணீருக்கு மேலே, சுவர்க் கொக்கிகளில், கட்டை விரல் பருமனுள்ள மோட்டார் கேபிள் ஓடியது. அதன் மேல் நெட்வொர்க் கம்பி சாய்ந்திருக்க, இரண்டையும் சேர்த்துக் கறுப்பு பிளாஸ்டிக் கட்டுகள் போடப்பட்டிருந்தன, ஒரே இடைவெளியில், வால்களை ஒட்ட நறுக்கி, கண்ணுக்கு அழகாக.

"போன மழையில இது தண்ணியில ஊறிக் கிடந்துச்சு" என்றார் எலக்ட்ரீஷியன். "கெட்டுப்போயிடுமேன்னு தூக்கிக் கட்டினேன். யாரும் கட்டச் சொல்லல. நானேதான்."

அந்தக் கட்டுகளை நறுக்கிவிட்டால் அவர் கட்டியது யாருக்கும் தெரியாது என்று ஒயருக்குத் தோன்றியது. நறுக்கினால் பாக்கெட் அடிபட்டதற்குக் காரணம் இல்லாமல் போய், மறுபடி மாமா தலையில்தான் வந்து விடியும் என்பதும் கூடவே தோன்றியது.

"ஃபோட்டோ எடு" என்றார் எலக்ட்ரீஷியன்.

"அண்ணே..."

"எடுடா. நாளைக்குக் காலையில பிடுங்கிடுவானுங்க." அவர் பலகையை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார், வெளிச்சம் விழுவதற்காக. பிறகு முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டார்.

ஒயர் எடுத்தான்.

விசாரணைக் குழு அந்தப் பாக்கெட்டையும் படத்தையும் ஏற்றுக்கொண்டது. ஆபரேட்டர் மீதான புகார் திரும்பப் பெறப்பட்டது. அவர் வேறொரு நீரேற்று நிலையத்தில் வேலைக்குச் சேர்ந்தார். விபத்துக்கான காரணம் என்ற தலைப்பின் கீழ், முறையற்ற கம்பி இணைப்பு என்று எழுதி, எலக்ட்ரீஷியனின் பெயரைச் சேர்த்தார்கள். அவரைப் பணிநீக்கம் செய்யும் ஆணை ஜனவரியில் வந்தது.